செவிவழிச் செல்லும் மருந்து

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சுருத பஞ்சமி ஏட்டிற்குரிய விழா. ஆகம நூல்களைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து, பட்டுச் சாத்தி வழிபடும் நாள். ஆயினும் சுருதம் என்னும் சொல்லுக்குக் ‘கேட்கப்பட்டது’ என்பதே பொருள். கிர்நார் மலையின் சந்திரகுகையில் தரசேனாசாரியர் தம் நினைவில் தாங்கியிருந்ததைப் புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்க்கும் வாய்மொழியாகவே ஓதுவித்தார். ஷட்கண்டாகமம் ஓலையில் ஏறியது அதன் பின்னரே. சமவசரணத்தில் எழுந்த திவ்யத்தொனியை அங்குக் கூடிய உயிர்கள் யாவும் தத்தம் மொழியிலேயே கேட்டன என்பது ஆன்றோர் கூற்று. அறவுரை கேட்பவரின் மொழிக்கு இறங்கிவர வேண்டும் என்னும் அக்குறிப்பு, ஆப்பிரிக்காவில் ஏதிலியரிடையே நடந்த ஒரு பணியை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும்.

தென் சூடான் 2011இல் தனிநாடாயிற்று. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. 2016 ஜூலையில் தலைநகர் ஜூபாவில் சண்டை மீண்டும் வெடித்த பின், மக்கள் அலையலையாக எல்லை கடந்தனர். உகாண்டாவில் தஞ்சம் புகுந்தோர் தொகை 2017 ஆகஸ்டில் 10 இலட்சத்தை எட்டியது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. உகாண்டா அவர்களை முள்வேலிக்குள் அடைக்கவில்லை. குடிசை கட்டவும் பயிரிடவும் சிறு நிலம் அளித்தது. தானே வறுமையில் உழலும் ஒரு நாடு செய்த அபயதானம் அது.

உயிருக்கு அடைக்கலம் கிடைத்தது. உள்ளத்திற்கு? உறவினரைப் பறிகொடுத்தவர்களும் ஊர் எரியக் கண்டவர்களும் உறக்கமின்றித் தவித்தனர். மனநல மருத்துவர் மிகச் சிலரே. நூல் அச்சிட்டு வழங்கலாமெனில் எழுத்தறியாத பெண்கள் மிகப் பலர். பல இனத்தாரையும் இணைக்கும் ஜூபா அரபு மொழியோ பெரிதும் பேச்சிலேயே வாழ்வது.

இந்நிலையில்தான் உலக சுகாதார நிறுவனம் வகுத்த ‘செல்ஃப் ஹெல்ப் பிளஸ்’ என்னும் பயிற்சி, வட உகாண்டாவின் ரைனோ குடியிருப்பில் ஆராயப்பட்டது. வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், ஐந்து அமர்வுகள். ஒவ்வொரு குழுவிலும் முப்பது பேர் வரை. நடுவில் ஓர் ஒலிபெருக்கி. அதில் ஜூபா அரபு மொழியில் பதிவு செய்யப்பட்ட குரல் பேசும். எழுத்தை நம்பாமல் படங்களால் ஆன ஒரு நூல் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். குழுவை நடத்துபவர் மருத்துவர் அல்லர். சில நாள் பயிற்சி பெற்ற எளிய பெண். அறிவுரை கூறும் பொறுப்பு குரலுக்கு உரியது. அமரச் செய்வதும், பயிற்சியைச் செய்து காட்டுவதும், அழுபவளின் அருகிருப்பதும் அவருக்கு உரியவை. வல்லுநர் இல்லாத இடத்திலும் சொல் திரிபடையாமல் சென்று சேர வேண்டும் என்பதே ஒலிப்பதிவின் நோக்கம்.

அக்குரல் கற்பிப்பவை பெரிய தத்துவங்கள் அல்ல. துயரம் புயலாய்ச் சுழற்றும்போது பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றுக. மூச்சை மெல்ல விடுக. சுற்றிலும் காண்பதையும் கேட்பதையும் கவனிக்க. வந்த நினைவோடு போரிடாமல், ‘இதோ ஒரு கொடிய நினைவு’ என்று அதற்குப் பெயரிட்டு விலகி நிற்க. தனக்கு எது மேலானது என்று தெரிந்து, அதன்வழி ஒரு சிறு செயலாவது செய்க. தன்னிடத்தும் பிறரிடத்தும் கனிவு கொள்க. சாமாயிகத்தில் அமர்ந்து பழகிய இல்லத்தார்க்கு இவை முற்றிலும் அயலாகத் தோன்றா. எனினும் இவை இக்கால உளவியலிலிருந்து தொகுக்கப்பட்டவை.

பயன் என்ன? 14 ஊர்களைச் சேர்ந்த 694 பெண்களிடம் செய்த அவ்வாய்வின் முடிவு 2020இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளிவந்தது. பயிற்சி பெற்றோரின் மனவேதனை, பெறாதோரினும் மிகுதியாகக் குறைந்திருந்தது. மூன்று மாதங்கள் கழிந்தும் வேறுபாடு நின்றது. ஆனால் அதன் அளவு சுருங்கிவிட்டது. துருக்கியில் வாழும் சிரிய ஏதிலியரிடம் ஆறு மாதத்திற்குப் பின்னும் நற்பயன் காணப்பட்டது. மேற்கு ஐரோப்பாவில் தஞ்சம் புகுந்தோரிடமோ ஆறாம் மாதத்தில் வேறுபாடு புலப்படவில்லை. ஆகவே ஒலிக்கருவியை மந்திரப் பொருளாகக் கருதுவது பிழை. குறைந்துபோன உணவுப் பங்கீட்டை அது கூட்டித் தராது. உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுபவரை அக்கணமே வல்லுநரிடம் சேர்ப்பிக்க வேண்டும். பதிவு செய்த குரலால் அவருக்கு மறுமொழி கூற இயலாது.

மொழியில் சிறிது வழுவினும் பணி கெடும். 2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மரிலிருந்து 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட ரோகிங்கியர் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடிவந்தனர். அவர்கள் மொழிக்குப் பெருவழக்கான எழுத்து இல்லை. எனவே நோய்த்தடுப்புச் செய்திகளும் செவிவழியே சென்றாக வேண்டியிருந்தது. அவ்வட்டாரத்துச் சிட்டகாங் பேச்சு அவர்கள் மொழிக்கு நெருங்கியதுதான். ஆயினும் உடல், நோய் பற்றிய சொற்கள் பலவிடத்து வேறுபட்டு, நலப்பணியாளர் கூறியது ஒன்றும் மக்கள் கொண்டது ஒன்றுமாக நின்றது.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானம் சமண இல்லறத்தார்க்கு உரியது. ஏதிலியின் செவியில் சேரும் நல்லுரை சாத்திரதானமாகவும் ஔடததானமாகவும் ஒருங்கே அமைகிறது. தத்துவார்த்த சூத்திரமோ, கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், கொள்பவர் என்னும் நான்கினாலும் தானம் சிறப்புறும் என வகுக்கிறது. இவற்றுள் பொருளே எண்ணுதற்கு எளிது: எத்தனை கருவி வாங்கப்பட்டன, எத்தனை வழங்கப்பட்டன என்று அறிக்கை எழுதிவிடலாம். மின்கலம் தீர்ந்தபின் அப்பெட்டி குடிசையின் மூலையில் கிடப்பதை எவ்வறிக்கையும் கூறுவதில்லை. வீட்டிற்கு ஒன்றாகக் கொடுத்தால் அது பெரும்பாலும் ஆடவர் கைக்கே போய்விடும். பெண்கள் தமக்குள் கூடிக் கேட்கும் அமர்வில் அவ்விடர் இல்லை. இவ்வகைப் பணிக்குப் பொருள் உதவ முன்வருவோர், கருவியின் விலையைக் கேட்குமுன் யார் குரல், எந்த மொழி, யார் உடன் அமர்வர் என்று கேட்பது தகும்.

ரைனோவில் ஒலித்த பதிவில் இடையிடையே குரல் நின்றுவிடும். அவ்வேளையில் பெண்கள் பயிற்சி செய்வர். அல்லது அருகில் இருப்பவளோடு கலந்து பேசுவர். அதன் பின்னரே குரல் மீண்டும் தொடங்கும்.