மூச்சுவழி வரும் நோயும் சட்டத்தின் கடமையும்

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நோயைப் பற்றிப் பேசவேண்டியவர் வைத்தியர். வழக்கறிஞருக்கு இம்மேடையில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நோய் உடலோடு நிற்குமட்டும் அது வைத்தியருடைய பொருளே. ஆனால் நோயின் பெயராற் சட்டம் பிறந்து, மனிதனுடைய வீட்டுக்குள்ளும் மையவாடிக்குள்ளும் நுழையும்போது அது நம் அனைவருடைய பொருளுமாகிவிடுகிறது. ஆகவே முதலில் நோயை அறிவோம். பின்னர் சட்டத்தை அளந்து பார்ப்போம்.

வைரசு என்பது தானாகப் பெருகும் ஆற்றலற்ற நுண்பொருள். உயிருள்ள கலத்தினுட் புகுந்தே அது பெருகும். மூக்கு, தொண்டை, சுவாசப்பை ஆகியவற்றைப் பற்றும் வைரசுகள் பல. தடிமனைத் தருவனவற்றுள் முதன்மையானது ரைனோ வைரசு. அதில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள. 1918 ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிக் கோடிக்கணக்கானோரை மாய்த்தது இன்புளுவென்சா; மனிதரைப் பற்றும் அந்நோயின் வைரசை 1933 இலேதான் இலண்டன் ஆராய்ச்சியாளர் பிரித்தறிந்தனர். ஆர்.எஸ்.வி. எனப்படும் வைரசு கைக்குழந்தைகளின் மூச்சுச் சிறுகுழாய்களை அடைப்பது. ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1 இலட்சம் பிள்ளைகளின் உயிரை அது கவர்கிறது. அவர்களுட் பெரும்பாலோர் வருவாய் குறைந்த நாடுகளின் பிள்ளைகள் என்பதை நாம் மறத்தலாகாது. 2019 இல் தோன்றிய கொவிட் நோயையோ நாம் யாவரும் அறிவோம்.

இவை பரவும் வழி யாது? நோயாளியின் மூச்சு, பேச்சு, இருமல், தும்மல் ஆகியவற்றோடு வெளிப்படும் துளிகளும் நுண்துகள்களுமே முதன்மையான வழி. அழுக்கான கையும் சில வைரசுகளுக்குத் துணைபோகிறது. பலர் நெருங்கி இருக்கும் காற்றோட்டமற்ற அறை இந்நோய்களுக்கு விளைநிலம்.

இனி, பரிகாரத்தைப் பார்ப்போம். தடிமனுக்கும் இலேசான காய்ச்சலுக்கும் ஓய்வு, நீராகாரம், காய்ச்சலைத் தணிக்கும் மருந்து ஆகியனவே போதும். கொத்தமல்லிக் குடிநீர் தொண்டைக்கு இதம் தரலாம், வைரசைக் கொல்லாது. அன்ரிபயோற்றிக் மருந்தும் கொல்லாது. அது பற்றீரியாக்களுக்கு உரியது. தேவையின்றி உட்கொண்டால் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களே பெருகும். இன்புளுவென்சாவுக்கு ஒசெல்ரமிவிர் என்ற மருந்து உண்டு. நோய் தொடங்கி 48 மணி நேரத்துள் கொடுத்தாலே அதன் பயன் மிகுதி. மூச்சுத்திணறல் கண்டவருக்கு ஒட்சிசன் உயிர்மருந்து. செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்பட்ட கொவிட் நோயாளரின் மரணத்தை மூன்றிலொரு பங்கு குறைப்பது டெக்சாமெதசோன் என்ற மலிவான பழைய மருந்தே என்பதை 2020 யூனில் ஒக்ஸ்போர்ட் ஆராய்ச்சியாளர் காட்டினர். கர்ப்பிணித் தாய்க்கு ஏற்றிப் பிறக்கும் குழந்தையை ஆர்.எஸ்.வி.யிலிருந்து காக்கும் தடுப்பூசி 2023 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கீகாரம் பெற்றது.

அறிவு இவ்வாறிருக்க, இந்நாட்டில் நடந்தது என்ன? 2020 டிசெம்பரில் பாணி மருந்தொன்றை வாங்கக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். நோயைத் தடுக்கத் தேடிய மருந்தே நோய் பரவும் கூட்டத்தைக் கூட்டியது! இது பேதைமை. இதனினும் கொடிது ஒன்றுண்டு.

1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தொற்றுநோய்த் தடைகாப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ், 2020 ஏப்பிரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட் நோயால் இறந்தவர் உடலைத் தகனமே செய்யவேண்டுமென்று விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றனர். புதைக்கலாம் அல்லது தகனஞ் செய்யலாம் என்று உலக சுகாதாரத் தாபனம் அதற்கு முன்னரே, அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே, கூறியிருந்தது. முசுலிம் மக்கள் கதறினர். கிறித்தவரும் உடன் நின்று வழக்காடினர். 2020 டிசெம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் காரணம் கூறாமலே அம்மனுக்களை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. அம்மாதத்திலேயே பிறந்து 20 நாளான பச்சிளங் குழந்தையொன்றின் உடலும் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25 இலேதான் புதைக்க அனுமதி பிறந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த உடல்களை எந்த மன்னிப்பு மீட்கும்?

இறந்தவர் மூச்சு விடுவதில்லை. இறந்த உடலில் வைரசு பெருகுவதுமில்லை. கட்டளைச்சட்டம் கொடுத்த அதிகாரம் நோயைத் தடுப்பதற்கே. நோயைத் தடுக்காத விதி அவ்வதிகாரத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதே நம் துணிபு. இனியொரு நோய் வரும். அதன் பெயரால் ஆணைகளும் வரும். அவ்வாணைகளிடம் நாம் மூன்று வினாக்கள் கேட்போம். இது நோய் பரவும் வழியை அடைக்கிறதா? இதனினும் இலேசான வழி இல்லையா? இதன் சுமை எல்லார் தலையிலும் ஒப்ப விழுகிறதா?

நோய்த்தடுப்பென்ற பெயருக்குத் தகுதியான பணிகள் எத்தனையோ காத்துக் கிடக்கின்றன. மலையகத்தில் ஒரு குடும்பம் முழுவதும் அடைந்துகிடக்கும் லயன் அறைக்குக் காற்று வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குத் திறக்கக்கூடிய சன்னல்கள் வேண்டும். காய்ச்சலோடு வேலைக்குப் போகாதிருக்க நாட்கூலிக்காரனுக்குச் சம்பளத்தோடு ஓய்வு வேண்டும். ஏழைத் தாய்க்கும் தடுப்பூசி எட்டவேண்டும். சுகாதார அறிவித்தல் முதல் நாளிலேயே தமிழிலும் வெளிவர வேண்டும்.

இவற்றைக் கேட்பது சலுகை கேட்பதன்று. மூச்சு விடும் ஒவ்வொருவருக்கும் உரிய உரிமை இது. ஊர்தோறும் இவ்வறிவைக் கொண்டுசெல்லுங்கள். ஆணை வரும்போது காரணம் கேட்கும் துணிவையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.