ஒரே அறை வீட்டில் காதல்

(இளைஞர்கள் மதுராந்தகத்தில் கூட்டிய ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



தம்பிகள் வந்து தலைப்பைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ‘அப்பா அம்மாவோட ஒரே வீட்டுல இருந்துகிட்டு டேட்டிங் பண்றதப் பத்திப் பேசுங்கக்கா’ என்றார்கள். பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை, சத்துணவுக் கூடத்துல நம்ம பிள்ளைகளத் தனியா உக்கார வைக்கிறது, இதெல்லாம் பேசித்தான் எனக்குப் பழக்கம். இது பட்டணத்துப் பிள்ளைகள் சமாச்சாரமாச்சே என்று நினைத்தேன். ராத்திரி படுத்து யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷம் இதைப் பேசாமல் விட்டதுதான் தப்பு என்று பட்டது. சாதி எங்க இருக்குன்னு கேட்டா நாம டீக்கடையக் காட்டறோம், கோயிலக் காட்டறோம், தேர் வராத தெருவக் காட்டறோம். அதெல்லாம் அது பகல்ல நிக்கிற இடம். ராத்திரி அது சாப்பிட்டுட்டுத் தூங்குற இடம் வீடு.

1916ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு 25 வயது. இங்க உக்காந்திருக்கிற பல பேரோட வயசு. அகமணமுறைதான் சாதியின் சாரம் என்று அதில் சொன்னார். விதவையை எரித்தது, எரிக்காதவளை மூலையில் உட்கார வைத்தது, வயசுக்கு வராத சிறுமிக்குத் தாலி கட்டியது, எல்லாமே அந்தக் கதவைச் சாத்தி வைக்கிற வேலைதான் என்று விளக்கினார். 20 வருடம் கழித்து 1936இல், ‘சாதி ஒழிப்பு’ நூலில், கலப்பு மணமே மெய்யான மருந்து என்றார். இதை நாம சுவரெல்லாம் எழுதியிருக்கோம். மேடையில் மாலை மாற்றிக் கல்யாணமும் நடத்தி வைத்திருக்கிறோம்.

ஆனா கல்யாணத்துக்கு முன்னால ஒண்ணு நடந்தாகணுமே. ரெண்டு பேர் பாக்கணும், பேசணும், இவன் எப்படிப்பட்டவன், இவ கோவம் வந்தா எப்படி இருப்பா, நமக்கு ஒத்துவருமா வராதான்னு தெரிஞ்சுக்கணும். ஒத்துவரலைன்னா அழுதுட்டு விலகிப் போகணும். அதுக்கு நேரம் வேணும், இடம் வேணும். அந்த இடம் எங்க இருக்குன்னு நம்ம இயக்கம் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைகள் டேட்டிங் என்று ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து அதைத்தான் கேட்கிறார்கள். சொல் இங்கிலீசு, கேள்வி நம்முடையது.

சினிமாவில் பார்க்கிறோம். பெண்ணுக்குத் தனி அறை, தாழ்ப்பாள், மொட்டை மாடி. நம்ம தொகுப்பு வீட்டை எடுத்துக்குங்க. ஒரு அறை, ஒரு மூலையில் அடுப்பு, முன்னால் நாமே இறக்கிய தகரச் சாய்ப்பு. எங்க வீட்டுல நாலு பேரு. நான் திரும்பிப் படுத்தா எம் மகளுக்குத் தெரியும், அவ திரும்பிப் படுத்தா எனக்குத் தெரியும். யார் ஃபோன் ஒலித்தாலும் நாலு பேரும் முழிச்சுக்குவோம். நிலம் இருந்தவன் அறை கட்டினான், அறை இருந்தவனுக்குத் தனிமை கிடைச்சுது. ‘வீட்டுக்குத் தெரியாம’ங்கறது நம்ம வீட்டுல அவ்வளவு லேசான காரியம் இல்ல.

எம் மக ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகுது. 23 வயசு. போகிற பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், வருகிற பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்தக் கம்பெனி பஸ்தான் அவளுக்குக் கிடைத்த தனி அறை என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. (அவகிட்டக் கேட்டுத்தான் இதையெல்லாம் இங்க சொல்றேன். அவ சொல்ல வேணாம்னு சொன்னத விட்டுட்டேன்.)

போன வருஷம் பக்கத்து வீட்டு மதினி வந்து சொன்னாங்க: ‘உம் பொண்ணு பஸ் ஸ்டாண்டுல ஒரு பையனோட ஜூஸ் குடிச்சிகிட்டு நிக்குது.’ அவ்வளவுதான் சேதி. இருபது வருஷமா மேடையில் ஏறி அகமணமுறை, ஆணாதிக்கம் என்று முழங்குகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? அவ வந்ததும் வராததுமா கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கினேன். அவ சம்பளத்துல வாங்குன ஃபோன் அது. யாரு அந்தப் பையன்னு கேட்டேன், பேரைச் சொன்னா. அடுத்தது எந்தத் தெருன்னு கேட்டேன்.

தெருன்னா என்னான்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. ‘நீயுமாம்மா அதக் கேக்கற?’ என்றாள்.

பையன் காலனி இல்ல. எந்தச் சாதின்னு இங்க சொல்லப் போறதில்ல, எதுவா இருந்தாலும் கதை ஒண்ணுதான்.

அன்றைக்கு நான் கேட்ட கேள்வியும், அந்தப் பையன் வீட்டில் அவன் அப்பா கேட்கப்போகிற கேள்வியும் ஒரே கேள்விதான். ஆனால் கேட்க வைப்பது வேறு. அவங்க வீட்ல அது பெருமை, தீட்டு, சொத்து. நம்ம வீட்ல அது பயம். 2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிந்தன. 200க்கும் மேற்பட்ட வீடுகள். காதலித்துக் கல்யாணம் செய்தது இரண்டே பேர். மறு வருஷம் ஜூலையில் இளவரசன் ரயில் தண்டவாளத்தின் பக்கத்தில் பிணமாகக் கிடந்தான். நம்ம பிள்ளைங்க ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிகிட்டு அவங்க பொண்ணுங்கள மயக்குறாங்கன்னு ஒரு கட்சித் தலைவர் ஊர் ஊராப் பேசின காலம் அது. நம்ம பையன் நல்லா உடுத்துறதே குத்தப் பத்திரிகையில சேர்ந்துபோச்சு. பிறகு 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கடைத்தெருவில் சங்கரை வெட்டினார்கள். கூடவே வெட்டுப்பட்ட அவன் மனைவி கௌசல்யா பிழைத்து, சொந்த அப்பா அம்மாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 2025 ஜூலையில் திருநெல்வேலியில் கவின். 27 வயசு, மென்பொருள் பொறியாளர், கை நிறையச் சம்பளம். அவன் பழகிய பெண்ணின் தம்பியைக் கைது செய்தார்கள். படிச்சு வேலைக்குப் போயிட்டா எல்லாம் மாறிடும்னு நம்ம அப்பனுங்க நமக்குச் சொன்னது நினைவிருக்கா?

இதில் ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். 2003, விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் நம்ம பையன், என்ஜினீயரிங் முடிச்சவன். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண், அதுவும் படிச்ச பிள்ளைதான். மே மாதம் யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். செய்துகொண்டு என்ன செய்தார்கள்? அவங்கவங்க அப்பா அம்மா வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். புருஷன் ஒரு வீட்டில், பொண்டாட்டி ஒரு வீட்டில், எதுவுமே நடக்காததுபோல. எங்க போவாங்க? தனியா ஒரு அறை எடுக்கப் பணமில்ல, வேலை இன்னும் கிடைக்கல. ஜூலையில் இரண்டு பேருக்கும் ஊரே பார்க்க விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தண்டனை கிடைக்க 2021 செப்டம்பர் ஆனது, 18 வருஷம். 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து முடித்தது. நாம இந்தக் கொலையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கொலைக்கு முந்திய அந்த இரண்டு மாசத்தைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணம் ஆனவங்க ரெண்டு பேரு, பெத்தவங்களோட உக்காந்து சோறு தின்னுகிட்டு, வாயத் திறக்க முடியாம இருந்த அந்த நாட்களைத்தான் இன்னைக்கு நான் உங்ககிட்டச் சொல்ல நினைச்சேன்.

ஏன்னா அப்படி மறைச்சு வைக்கிற காதலுக்கு ரெண்டே வழிதான் விட்டு வச்சிருக்கோம். ஒண்ணு, சத்தமில்லாம விட்டுடறது. இல்லன்னா ஓடிப்போறது. வீட்டுக்குத் தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரியே முடிவு எடுத்தாகணும். அடி விழுறதுக்குள்ள, வேற இடத்துல நிச்சயம் பண்றதுக்குள்ள ஓடியாகணும். ஆறு மாசம் பழகினவனோடு ஆயுளுக்கும் முடிச்சுப் போட வேண்டிவருது. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகாமல் மூணாம் மாசமே திரும்பி வந்த பெண்ணை எனக்குத் தெரியும். ‘நீயாத்தானே தேடிக்கிட்ட’ என்று அவள் வீடு கதவைத் திறக்கவில்லை. பழகிப் பாத்துட்டு வேணாம்னு சொல்ற உரிமை கலப்புக் காதலுக்குக் கிடையாதா? நாமளும் சேர்ந்துதான் இதை இறுக்கியிருக்கோம். சாதி மீறிக் காதலித்தால் அது கடைசி வரைக்கும் வெற்றி பெற்றே ஆகணும், இல்லன்னா இயக்கத்துக்கு அவமானம் என்கிறோம். பாவம், இருபது வயசுப் பிள்ளைங்க தலையில அவ்வளவு பாரம்.

இன்னொன்று சொல்லணும். இதைப் பெண்பிள்ளைகள் கவனமாக் கேக்கணும். மறைக்கிறதிலயும் ரெண்டு வகை இருக்கு. எம் மக ஒருநாள் அழுதுகிட்டு வந்து சொன்னா, அந்தப் பையன் ஃபோன்ல அவ பேரு இல்லையாம். ‘ஷிப்ட் இன்சார்ஜ்’னு போட்டு வச்சிருக்கானாம். வீட்ல பாத்துடுவாங்கன்னு பயமாம். அவன் பயம் பொய்யில்ல. ஆனா எனக்கு வயிறு எரிஞ்சுது. ராத்திரி இருட்டுல சேரிப் பக்கம் வந்துட்டு, விடிஞ்சா வேட்டியைக் கட்டிகிட்டு ‘எட்டி நில்லு’ன்னு சொன்னவங்களை நம்ம பாட்டிமாருக்குத் தெரியும். பையன் அப்படிப்பட்டவன் என்று நான் சொல்லவில்லை. நல்ல பையன்தான். ஆனாலும் நம்ம வீட்டுப் பெண்ணுக்கு, பயத்துல மறைக்கிறானா, வெக்கத்துல மறைக்கிறானான்னு கேட்டுத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு. அதைக் கேக்கறதுக்கு அவளுக்கு ஒரு துணை வேணும். வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கிறவளுக்கு அந்தத் துணை இல்லாமல் போகிறது. ஏமாந்தாலும் யாரிடம் சொல்லி அழுவாள்?

நம்ம வீட்டு யோக்கியதையையும் பேசிடணும். எம் மகன் வண்டியை எடுத்துகிட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்தாலும் எங்க போனேன்னு யாரும் கேக்கறதில்ல. (நான் மட்டும் வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் தூங்கமாட்டேன். அது வேற பயம்.) மகள் அரை மணி நேரம் தாமதித்தால் காலனி முழுக்கக் கணக்குப் பார்க்கும். இது பார்ப்பனியம் நமக்குக் கடன் கொடுத்த புத்தி என்று தத்துவம் பேசலாம். வட்டி கட்டிக்கிட்டு இருக்கறது நாமதானே. அருந்ததியர் வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த பறையர் வீட்டுப் பையனைத் தெருவை விட்டே அனுப்பிய காலனியும் இருக்கிறது. அங்கே எந்த ஊர்க்காரனும் வந்து கொளுத்துவேன் என்று மிரட்டவில்லை. அங்க எதுக்குப் பயந்தோம்?

சட்டம் பற்றித் தோழர் அடுத்து விரிவாகப் பேசுவார். நான் தொட்டுக் காட்டிவிட்டுப் போகிறேன். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில், மனுக் கொடுத்த பிறகு அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டி 30 நாள் காத்திருக்கணும். இரண்டு பேரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கணும். அப்பா அம்மா வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு அந்த மாவட்டம் எது? சொந்த மாவட்டம்தான். ரகசியத்தைக் கொண்டுபோய் உறவுக்காரன் நடமாடுகிற ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டு, ஒரு மாசம் வீட்டில் போய்ச் சும்மா இரு என்கிறது சட்டம். நம்ம மாநிலத்தில் 1967இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் இருக்கிறது. அப்படிச் செய்யும் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கலப்பு மணம் செய்தவர்கள் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவும், 24 மணி நேரத் தொலைபேசியும் வைக்கச் சொல்லி 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதெல்லாம் கல்யாணத்துக்குப் பாதுகாப்பு. பழகிப் பார்க்கிற காலத்துக்குப் பாதுகாப்பு தர எந்தச் சட்டமும் கிடையாது. அதை வீடுதான் தரணும், இல்லன்னா நம்ம அமைப்பு தரணும். நம்ம வாசிப்பு அறையை வாரத்துல ஒருநாள் திறந்து வச்சு, யாரும் யாரோடும் உக்காந்து பேசலாம், யாரும் எந்தத் தெருன்னு கேக்கமாட்டோம்னு சொல்ல முடியுமா? முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் சிலர் நெளிகிறார்கள், தெரியுது. நானும் நெளிஞ்சவதான்.

ஃபோனை மூணாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். ‘எம் பயம் இதுதான்டி’ன்னு தருமபுரியிலிருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். அவ கேட்டுகிட்டு இருந்தா. ‘எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. உங்கிட்டச் சொல்ல முடியாததுதான் பெரிய பயமா இருந்துச்சு’ என்றாள். இப்ப எங்க போறா, யாரோட போறா, எப்ப வருவான்னு எனக்குத் தெரியும். கட்டிக்கறதா வேணாமான்னு அவ இன்னும் முடிவு பண்ணல, நானும் அவசரப்படுத்தல. அவங்கப்பாவுக்கு இன்னும் மனசு ஆறலை. ஆனாலும் பையன் போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது நாற்காலியை எடுத்துப் போட்டார்.

அந்தப் பையன் வீட்ல இன்னும் எதுவும் தெரியாது. ஃபோன்ல பேர மாத்தினானான்னு போன வாரம் கேட்டேன். முதல் எழுத்தை மட்டும் போட்டிருக்கானாம்.

சரி, கேள்வி இருந்தா கேளுங்க. பெண்பிள்ளைங்க முதல்ல கேளுங்க.