பேண்டு வாத்தியமும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாவில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் உயர்கல்வி பற்றியும் வேலைவாய்ப்பு பற்றியும் பேச அறிஞர்கள் வந்திருக்கின்றனர். எனக்குத் தரப்பட்ட பொருள் பள்ளிப் பேண்டு வாத்தியக் குழு. விளையாட்டுப் பொருளாயிற்றே என்று சிலர் எண்ணக்கூடும். மற்றவர்க்கு அது அப்படி இருக்கலாம். தோற்கருவி என்ற ஒன்றைக் காட்டியே ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட நமக்கு அது அப்படி இருக்க இயலாது.

பேண்டு குழுவில் ஒரு பெரிய டிரம், சில சைடு டிரம்கள், பியூகிள்கள், தாளத்தட்டு ஆகியன இருக்கும். கையில் கோலேந்தி முன்னே நடந்து குழுவை வழிநடத்துபவர் டிரம் மேஜர். அணிநடையில் நிமிடத்திற்கு 120 அடி வைக்க வேண்டும்; ஒவ்வோர் அடியும் 30 அங்குலம் இருக்க வேண்டும். இடது கால் மண்ணில் படும் அந்த நொடியில் பெரிய டிரம் ஒலிக்க வேண்டும். பியூகிளுக்குக் கட்டைகளும் இல்லை, துளைகளும் இல்லை. உதடுகளின் இறுக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் கொண்டே அதன் ஐந்து ஒலிகளையும் எழுப்ப வேண்டும். முதல் வாரத்தில் காற்றுதான் வரும்; பல வாரங்கள் கழித்தே இசை வரும்.

1985-ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது சைடு டிரம்முக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். மகிழ்ச்சியுடன் வீட்டில் சொன்னேன். என் தகப்பனார் முகம் இறுகிவிட்டது. "தோலை அடிக்க வேண்டாம் என்றுதானே உன்னைப் பள்ளிக்கு அனுப்பினேன்? அங்கேயும் கொட்டுத்தானா?" என்று கேட்டார். என் பாட்டனார் ஊரில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் பறையடித்தவர். காய்ச்சலில் கிடந்தாலும் ஆள் வந்து அழைத்தால் எழுந்து போயாக வேண்டும். அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல்லே கூலி. போடாவிட்டாலும் கேட்க முடியாது. அதனைக் கண்டு வளர்ந்தவர் என் தகப்பனார்.

இரண்டு நாள் கழித்து உடற்பயிற்சி ஆசிரியர் எங்கள் வீட்டிற்கு வந்தார். தகப்பனார் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஐயா, இவன் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவீர்களா?" ஆசிரியர், "அன்றைக்கே டிரம்மை வாங்கி வைத்துக்கொள்வேன், ஒரு சொல் கேட்க மாட்டேன்" என்றார். அதன் பிறகே எனக்கு அனுமதி கிடைத்தது.

அன்பர்களே, என் தகப்பனார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் இப்பொருளின் உயிர்நாடி அந்தக் கேள்வியில் இருக்கிறது. கீழே வைக்கும் உரிமை இல்லாதவன் கையில் இருந்தால் எந்தக் கருவியும் விலங்குதான். அவ்வுரிமை உள்ளவன் கையில் அதே கருவி கலையாகிறது.

பறை பழம்பெருமை உடையது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகிறது. பிற்காலத்தில் அதனை ஒரு மக்களின் மேல் கட்டாயப் பணியாகச் சுமத்தி, அம்மக்களையே தாழ்ந்தவர் என்றனர். ஆகவேதான் பெயரை மாற்றுவதும் ஒரு போராட்டமாயிற்று. தாமே ஓர் ஆசிரியரான எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1922-இல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. பின்னாளில் தென்னார்க்காட்டுப் பகுதியில் பெரியவர் இளையபெருமாள் அவர்கள் கட்டாயப் பறையடிப்பை எதிர்த்து மக்களைத் திரட்டினார். தீண்டாமை பற்றி ஆராய 1965-இல் நடுவண் அரசு அமைத்த குழுவிற்குத் தலைமை தாங்கி, 1969-இல் அறிக்கை அளித்தவரும் அவரே. பறையைக் கீழே வைத்த அந்தத் தலைமுறையினர் கலையை வெறுத்தவர்கள் அல்லர், கட்டாயத்தை வெறுத்தவர்கள்.

நான் டிரம் பழகியபோது ஒன்றை வியந்து கண்டேன். பறை இடத் தோளில் தொங்கும். ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறு கையில் தடித்த குட்டைக் குச்சி. சைடு டிரம்மும் தோள்வாரில் தொங்கி இடது தொடையருகே சாய்ந்து நிற்கும். அதற்கும் இரண்டு குச்சிகள். பறையின் தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுவர். டிரம்மின் தோலைக் கயிற்றாலோ திருகாலோ இறுக்குவர். ஒன்றை ஏந்தியவர் தெருவோரம் நின்றார். மற்றொன்றை ஏந்தியவர் கொடிக்குப் பின்னே நடந்தார். கருவிகளுக்கிடையே இருந்த வேறுபாடு சிறிது. அவற்றை ஏந்தியவரை உலகம் பார்த்த பார்வையில் இருந்த வேறுபாடோ பெரிது.

நான் நன்றாக வாசித்தபோது ஒருவர், "இவர்களுக்கு இது இரத்தத்திலேயே இருக்கிறது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அச்சொல்லை நம் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளக்கூடாது. மாலைதோறும் ஒரு மணி நேரம் மரப்பலகையில் குச்சியைத் தட்டி இடக்கை, வலக்கை இரண்டையும் சமன் செய்ததால் வந்த திறமை அது. இரத்தத்தில் வந்தது என்று சொன்னால் உழைப்பும் மறைந்துவிடும்; பழைய கட்டாயத்திற்கும் நியாயம் கற்பித்தது போல் ஆகிவிடும்.

சுதந்திர நாளையொட்டி எங்கள் வட்டத்தில் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் 1986-இல் கலந்துகொண்டோம். வரிசை நேராக இருக்கிறதா, திரும்பும்போது உள்வரிசை அடியைக் குறைக்கிறதா, இசை நிற்கும்போது எல்லாக் குச்சிகளும் ஒன்றாக நிற்கின்றனவா என்று நடுவர்கள் கூர்ந்து பார்த்தனர். எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. நடுவர் கையில் இருந்த மதிப்பெண் தாளில் சாதிக்கு ஒரு கட்டம் இல்லை என்பதே அந்த வயதில் எனக்குப் பெரிய செய்தி. ஆயினும் குழுவை அமைத்ததில் சாதி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமை மிகுந்த பெரிய டிரம் எப்போதும் எங்கள் தெருப் பிள்ளைக்கே வந்தது. நான் இருந்த இரண்டு ஆண்டுகளில் டிரம் மேஜரின் கோல் ஒருமுறையேனும் எங்கள் தெருவிற்கு வரவில்லை.

ஆசிரியரான பின் பல போட்டிகளைப் பார்வையாளனாக இருந்து கண்டிருக்கிறேன். அண்மையில் எங்கள் பள்ளிக் கணினி அறையில் மாணவர்கள் அமெரிக்க நாட்டுக் குழுக்களின் காட்சிகளைக் காட்டினர். முதல் உலகப் போர் 1918-இல் முடிந்த பின், ஊர் திரும்பிய போர்வீரர்களின் சங்கங்கள் அங்கே டிரம்-பியூகிள் குழுக்களை வளர்த்தன. இளைஞர் குழுக்களுக்கான புதிய தேசியப் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் நகரில் தொடங்கியது. 1984-இல் கைவிடப்படும் வரை, ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு மதிப்பெண்ணைக் கழிக்கும் முறை அங்கே இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்கள் நடந்துகொண்டே இசைப்பதையும், டிரம் வாசிப்போர் அரங்கம் அதிரப் பாராட்டப்படுவதையும் கண்டபோது, தோலை அடிப்பது இழிவு என்ற எண்ணம் எவ்வளவு பொய்யானது என்று என் மாணவர்கள் தாமே உணர்ந்தனர்.

நம் நாட்டிலும் காலம் மாறிவருகிறது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெண்களும் மாணவர்களும் விரும்பிப் பறை பயில்கின்றனர். ஆனால் மேடையில் பறைக்கு மாலை விழுவதைக் கொண்டு, ஊரில் கட்டாயப் பணி முற்றும் ஒழிந்துவிட்டது என்று நாம் கண்ணயர்ந்துவிடக் கூடாது. சாவுக்கு அடிக்க மறுத்த குடும்பத்திற்கு வேலையும் தண்ணீரும் மறுக்கப்பட்டால் அதற்கெதிராகத் துணைநிற்பதும் நம் சங்கத்தின் கல்விப் பணியே ஆகும்.

ஆகவே, இவ்வெள்ளி விழாவில் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம் விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரு பேண்டு குழு அமைய வேண்டும். அதில் பெண் பிள்ளைகளுக்கும் சமமான இடம் வேண்டும். சீருடையும் காலணியும் சங்கமே வழங்க வேண்டும். காலணி இல்லை என்பதால் ஒரு பிள்ளையும் வரிசையிலிருந்து விலகக்கூடாது. இரண்டாவது, கோலும் பியூகிளும் பெரிய டிரம்மும் முறைவைத்து எல்லோர் கைக்கும் வர வேண்டும். இசைக் குறியீட்டைப் படிக்கவும் கற்றுத்தர வேண்டும். மூன்றாவது, விரும்பாத பிள்ளையை எவரும் வற்புறுத்தக்கூடாது. வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையிடம் காரணம் கேட்காமல் கருவியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மாணவச் செல்வங்களே! விரும்பினால் குச்சிகளை எடுங்கள். எடுத்தால் எவரும் குறை காண முடியாதபடி பழகுங்கள். விரும்பாவிட்டால் தலைநிமிர்ந்து மறுத்துவிடுங்கள். இவ்விரண்டையும் செய்யும் துணிவைத் தருவதே கல்வி. அத்துணிவை 25 ஆண்டுகளாக வளர்த்துவரும் இச்சங்கம் மேன்மேலும் ஓங்கி வளர வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.