ஓரம் பிரியாத பர்ஸ்



ஆம்பூர்ல துண்டுத் தோல் வாங்கி நாங்க தைச்ச முதல் 40 பர்ஸும் ரெண்டே மாசத்துல திரும்பி வந்துச்சு. தவணை கட்டுற நேரம் வேற. தையல் கெட்டியாத்தான் இருந்தது. ஓரத்துல ஒரே பூச்சா கெட்டியா அடிச்ச பெயிண்ட் உரிஞ்சிருந்தது.

இப்ப முதல்ல தோலை வெட்டிப் பார்ப்போம். உள்ளே நீலச் சாம்பலா இருந்தா குரோம் தோல். அதை உப்புத்தாளால தேய்ச்சு, மெல்லிசா மூணு பூச்சு. ஒவ்வொண்ணும் காஞ்சப்புறம்தான் அடுத்தது.

பட்டை போட்டுப் பதப்படுத்தின தோலுக்குப் பெயிண்டே வேண்டாம். உப்புத்தாள் போட்டு, ஈரவிரலால தடவி, முரட்டுத் துணியால சூடு ஏறத் தேய்ங்க, வழவழன்னு ஆயிடும். பிறகு தேன்மெழுகு. தண்ணி அதிகமானா ஓரம் கருத்துடும்.

"ஓரத்துக்கா இவ்வளவு நேரம்?"னு எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். அந்த நேரத்தையும் கூலியில சேர்த்துத்தான் இப்ப விலை சொல்றோம்.