ஆற்றிடைக்குறையில் நான்கு நாள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பயண இலக்கியம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். உலகம் சுற்றும் தமிழன் என்று பெயர் பெற்ற ஏ. கே. செட்டியாரைப் பற்றியும், காவிரியின் வழியே சென்று 'நடந்தாய் வாழி, காவேரி' என்னும் நூலை எழுதிய சிட்டி, தி. ஜானகிராமன் ஆகிய இருவரைப் பற்றியும் பேசுவதற்கு என்னைவிடத் தகுதி வாய்ந்தோர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். ஆகவே நான் நூல்களை விட்டுவிட்டு, சென்ற மார்கழியில் குடும்பத்தோடு வாடகைக் காரில் போய்வந்த நான்கு நாள் பயணம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தொலைதூரம் ஏதும் இல்லை. முக்கொம்பிலிருந்து கடல் வரை, நம்முடைய காவிரி வடிநிலம்தான்.

என் மகன் ஜெர்மனியில் பணிபுரிகிறான். அதற்கு முந்தைய கோடையில் அவனும் மருமகளும் பேத்தியும் கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவில் ஒரு வாரம் தங்கினார்கள். விமான நிலையத்திலேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீண்டிருக்கும் அத்தீவை அவசரமின்றிச் சுற்றினார்களாம். ஒலிவத் தோப்பைக் கண்டால் நிற்பது, கடலைக் கண்டால் இறங்குவது, பசித்தால் உண்பது. இதைத் தவிர வேறு திட்டம் இல்லை. "அதுபோல நம் ஊரில் நான்கு நாள் சுற்றலாம், அப்பா" என்றான் மகன்.

எனக்கு அது விளங்கவே இல்லை. நம் குடும்பங்களில் கார் பிடிப்பது எதற்காக? திருமணம், துக்கம், மருத்துவமனை. மிஞ்சினால், ஒன்பது கோள்களின் கோயில்களையும் ஒரே நாளில் சுற்றி முடிக்கும் வேன் பயணம். காரணம் இல்லாமல் பயணம் போவது என்பதை அறுபத்தெட்டு வயது வரை நான் அறிந்ததில்லை. "தீவுக்குப் போனீர்கள், சுற்றினீர்கள். இங்கே தீவு ஏது?" என்று கேட்டேன். எண்பத்தொன்பது வயதான என் தாயார் திண்ணையிலிருந்து பதில் சொன்னார்: "ஏன், ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கறதெல்லாம் தீவு இல்லாம வேற என்னவாம்?"

தமிழாசிரியனாக முப்பது ஆண்டு பணியாற்றிய எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரங்கம் என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்று ஒரு பொருள் உண்டு. துருத்தி என்பதும் அதுவே. காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடையில் இருப்பதால்தான் அது திருப்பூந்துருத்தி. குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. டெல்டா என்று நாம் நாள்தோறும் சொல்வதும் கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்துத்தான்; நைல் நதியின் முகத்துவார நிலம் அந்த முக்கோண எழுத்தைப் போல இருந்ததால் கிரேக்கர்கள் அதற்கு அப்பெயரை இட்டார்கள். கிரேக்கத் தீவுக்குப் போய்வந்தவனை ஒரு கிரேக்க எழுத்துக்குள் அழைத்துச் செல்வதில் தவறில்லை என்று இசைந்தேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீடாமங்கலத்திற்குத் தெற்கே எங்களுக்கு மிஞ்சியிருந்தது பன்னிரண்டு மா, அதாவது நான்கு ஏக்கர் நிலம். அதை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்பதென்று நானும் மகனும் முடிவு செய்து, முன்பணமும் வாங்கிவிட்டோம். தாயாரிடம் சொல்லவில்லை. பயணம் அவருக்கு மகிழ்ச்சி தரும், அந்த மகிழ்ச்சியில் செய்தியைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

ஓட்டுநர் வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான். ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்றால் எந்த இடத்திலும் மனம் நிலைக்காது என்பது அவன் வாதம். ஆகவே திருச்சியில், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துக் கொண்ட ஒரு காரை நாமே ஓட்டிக்கொள்ளும் முறையில் எடுத்தோம். வலப்பக்கம் ஓட்டிப் பழகிய அவன் இடப்பக்கத்துக்கு மாற அரைநாள் ஆயிற்று. தாயார் முன் இருக்கையில் அமர்ந்தார். கைப்பேசி சாலையைச் சொல்லிற்று. அவரோ தண்ணீரைச் சொன்னார். "இது இன்ன வாய்க்கால், அடுத்தது இன்ன ஆறு" என்று அவர் சொன்ன வழி ஓரிடத்திலும் பிசகவில்லை.

முதல் நாள் முக்கொம்பில் நின்றோம். அகண்ட காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, இடையே திருவரங்கத் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. தண்ணீர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போனதால் காவிரி மேடிட்டுக் கழனிகள் வறண்டன. அதைத் தடுக்கவே 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். 182 ஆண்டுகள் நின்ற அந்த அணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு 22 அன்று இரவு வெள்ளத்தில் போயின. இவற்றையெல்லாம் நான் பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுக் குழந்தை அவள். "தாத்தா, பாடம் போதும்" என்று சொல்லிவிட்டு மணலுக்கு ஓடினாள். மகன் சிரித்தான். நான் வாயை மூடிக்கொண்டு ஆற்றைப் பார்த்தேன். ஓய்வு என்பதன் முதல் பாடம் எனக்கு அங்கே கிடைத்தது.

தீவின் வழியே கிழக்கே வந்து, கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையை அடைந்தோம். காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீர் அங்கே பங்கிடப்படுகிறது. மிகையான வெள்ளம் கொள்ளிடத்துக்குப் போகிறது. மாலையில் திருவையாறு. அங்கிருந்து தஞ்சை பதின்மூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலங்கள். பேத்தி விரல்விட்டு எண்ணினாள். அன்றுமுதல் பாலம் எண்ணுவது அவளுக்கு விளையாட்டாயிற்று.

இரண்டாம் நாள் தாராசுரம். இரண்டாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயிலுக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஒரு முறையும் அரைமணி நேரத்துக்கு மேல் இருந்ததில்லை. அன்று பிற்பகல் முழுவதும் அதன் புல்தரையில் கழிந்தது. தாயார் தூணில் சாய்ந்து உறங்கினார். மருமகள் படம் வரைந்தாள். சிற்பத்தைப் பார்க்கப் போனவன் அதன்மேல் நகரும் வெயிலையும் பார்த்தேன். இரவு கும்பகோணத்தில் தங்கினோம்.

மூன்றாம் நாள் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகாரை நோக்கிச் சென்றோம். சாலையின் இருபுறமும் சம்பாப் பயிர் கதிர் முற்றித் தலைசாயும் பருவம். பனி விலகாத வேளை. காரை ஓரமாக நிறுத்தி, வரப்பில் நின்று அனைவரும் பார்த்தோம். அப்போது மகன் ஒன்று சொன்னான்: "கிரீட்டில் பார்த்த சில ஒலிவ மரங்களுக்குப் பல நூறு வயதாம். நட்டவர் யாரென்றே தெரியாது. மரம் மட்டும் நிற்கிறது." தாயார் கேட்டார்: "வருசா வருசம் நட வேண்டாமா?" "வேண்டாம் பாட்டி." அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நெல்லு அப்படி இல்ல. ஒரு வருசம் ஒருத்தன் சேத்துல எறங்கலேன்னா இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார்.

அன்பர்களே, பயண நூல்கள் பலவற்றில் இயற்கை அழகு என்ற சொல்லைப் படிக்கிறோம். நம் வடிநிலத்துப் பச்சை இயற்கை அன்று. ஆண்டுதோறும் சூன் 12ஆம் நாள் மேட்டூர் திறக்குமா என்று காத்திருந்து, நாற்று விட்டு, களை பறித்து, ஒருவர் ஆக்கிய காட்சி அது. நாம் காரை நிறுத்திப் பார்த்துச் சுவைக்கிறோம்; ஆக்கியவர் பெயரைக் கேட்பதில்லை. நூலைப் படித்துவிட்டு ஆசிரியர் பெயரைக் கேட்காமல் போகும் வாசகரை இந்த வட்டம் என்ன சொல்லும்?

பூம்புகாரில் காவிரி கடலோடு கலக்குமிடத்தைப் பேத்தி ஏமாற்றத்தோடு பார்த்தாள். கிரேக்க மொழியில் நூல் செய்த தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே கபேரிஸ் என்று குறித்த துறைமுகம் இது. யவனர் மரக்கலங்கள் வந்த ஊர். ஆனால் எதிரே ஓடியது ஒரு சிறு வாய்க்கால் அளவு தண்ணீர். "முக்கொம்பில் அவ்வளவு பெரிசா இருந்துச்சே, அந்த ஆறு எங்கே போச்சு?" என்று கேட்டாள். நான் கொள்ளிடத்தைப் பற்றியும் கிளை ஆறுகளைப் பற்றியும் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் தாயார் அவளை மடியில் இழுத்துக்கொண்டு சொன்னார்: "எங்கயும் போகல கண்ணு. மூணு நாளா வழியெல்லாம் பச்சையாப் பாத்தியே, அதுதான் ஆறு."

அந்த விடையைக் கேட்டபின் என்னால் இயல்பாக இருக்க முடியவில்லை. அன்றிரவு தரங்கம்பாடியில் தங்கினோம். 1620இல் தேனியர் எழுப்பிய கோட்டை நிலவொளியில் தெரிந்தது. 2004 திசம்பர் 26 அன்று அக்கரையில் ஏறிவந்த அதே கடல் அமைதியாக அலைத்துக்கொண்டிருந்தது. குழந்தை உறங்கியபின் தாயாரிடம் நிலம் விற்கும் செய்தியைச் சொன்னேன். அழுவார், அல்லது சினப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே: "பயிர் வைக்கறவன்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிட்டு வருபவர் அவர். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது, பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இல் வந்தது என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தாயார் எந்தச் சட்டத்தையும் படித்தவர் அல்லர். "விக்கறதுன்னா வித்துக்க. நீயும் வரமாட்ட, அவனும் வரமாட்டான், எனக்குத் தெரியாதா? ஆனா மொதல்ல அவன்கிட்ட கேளு. மூணு நாளா கண்ணு குளிரப் பாத்தோமே, அது யாரு போட்டது?" என்றார். மகன் இருட்டில் கடலைப் பார்த்தபடி நின்றான். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் நாகப்பட்டினத்தில் கடற்கரையில் கழிப்பதாக இருந்தது. அங்கே நிற்காமல் திருவாரூர் வழியாக நீடாமங்கலம் சென்றோம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் மட்டும் சற்று நின்றோம்; பேத்தியின் கணக்கில் அது நாற்பத்து மூன்றாம் பாலம். பிறகு குத்தகைதாரர் வீட்டு வாசலில் கார் நின்றது. அவர் பதறி ஓடி வந்து, "என்ன வாத்தியாரய்யா, ஆத்தாவுக்கு ஒடம்புக்கு ஏதும்..." என்றார். முன்னறிவிப்பின்றிக் கார் வந்து நின்றால் அவருக்கும் அதுதான் பொருள்.

வரப்பில் நடந்துகொண்டே செய்தியைச் சொன்னேன். அவர் நெடுநேரம் கதிரைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். "நீங்க சொன்ன வெலைக்கு என்னால ஆகாது. பாதிக்குத்தான் வழி இருக்கு, அதுவும் மூணு தவணையில" என்றார். வாங்கிய முன்பணத்தை அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்தோம். ஆறு மா நிலம் அவர் தரக்கூடிய விலைக்கு அவருக்கே போகிறது. எஞ்சிய ஆறு மா தாயார் இருக்கும் வரை இருக்கும். அதற்குப்பின் அவரையே முதலில் கேட்பதாக மகன் வாக்களித்திருக்கிறான். இதில் எங்களுக்குப் பணநட்டம் உண்டு. பெருமைப்படவும் ஒன்றும் இல்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டியதை வழிதவறிப் போய்ப் பிறகு செய்தோம்.

அன்பர்களே, அது ஓய்வுப் பயணந்தானா என்று கேட்டால், ஆம் என்பேன். பட்டியல் இல்லாமல் போனோம், நின்று பார்த்தோம், பார்த்தவற்றுள் ஒன்று எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்டது. விரைந்து சென்றிருந்தால் அந்தக் கேள்வி எங்கள் காருக்குள் ஏறியிருக்காது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மார்கழியில் உங்கள் மக்கள் விடுமுறைக்கு வரும்போது, வீட்டில் மூத்தவரை முன் இருக்கையில் அமர்த்தி, ஆற்றங்கரைச் சாலைகளில் நான்கு நாள் போய்வாருங்கள். வழியை அவரிடமே கேளுங்கள். வயலருகே நின்றால், அதில் நிற்பவரின் பெயரையும் கேளுங்கள். திரும்பி வந்து, இந்தக் கூடத்தில் அதை எங்களுக்குச் சொல்லுங்கள்.