அரிவாளணுச் சோகையும் இளம்பருவப் பக்கவாதமும்



குர்லாவில் மின்சார இரயிலேறிச் சயான், மாட்டுங்கா, தாதர் நிலையங்களைக் கடந்து பரேலில் இறங்கினால், கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குருதியியல் நிலையத்தைக் காணலாம். 1957-ல் இரத்தப் பிரிவுகளை ஆராயத் தொடங்கப்பெற்ற அந்நிலையம், அரிவாளணுச் சோகை என்னும் பரம்பரை நோயையும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

இந்நோய் தமிழகத்துக்குப் புதியதன்று. 1952-ல் லேமன், கட்புஷ் என்னும் இரு அறிஞர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் குருதியில் இதன் அடையாளத்தைக் கண்டனர். நாம் குடியேறி வாழும் இம்மகாராஷ்டிரத்திலும், கட்சிரோலி, நந்துர்பார் மாவட்டங்களில் இது மிகுதி.

நெகிழ்ந்து செல்ல வேண்டிய செவ்வணு, உயிர்வளியை இழந்ததும் அரிவாள் போல் வளைந்து விறைத்துவிடுகிறது. இதற்குக் காரணமான மரபணுக் குறை பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், பிள்ளை பெரும்பாலும் நலமாகவே வாழும். இருவரிடமிருந்தும் வந்தால் நோய் உண்டாகும். இக்குறையைத் தாங்கிய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோயுற்ற குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

இந்நோயின் கொடிய விளைவு பக்கவாதம். மூளைக்குச் செல்லும் பெரிய நாளங்கள் உட்புறம் தடித்துக் குறுகுவதால் இது நேர்கிறது. முதியோர்க்கே உரியதென நாம் எண்ணும் பக்கவாதம் ஐந்து வயதுக் குழந்தையையும் வீழ்த்தக்கூடும். அமெரிக்காவில் 1998-ல் வெளியான ஆய்வொன்று, இந்நோயின் கடும் வகையினருள் நூற்றுக்கு 11 பேர் 20 வயதுக்குள் பக்கவாதத்துக்கு ஆளாவதாகக் கணக்கிட்டது.

குறை ஒன்றே, ஆயினும் சிலருக்கு மட்டும் பக்கவாதம் வருவானேன்? உடன் வரும் பிற மரபணுக்கள் இதற்கு ஓரளவு விடை கூறுகின்றன. ஆல்பா தலசீமியா என்னும் வேறொரு குறையும் சேர்ந்திருப்பின் செவ்வணுக்கள் சிதைவது தணிகிறது; பக்கவாத அபாயமும் குறைகிறது. இந்திய நோயாளர் பலரிடம் கருப்பருவத்து ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதும் அணுக்கள் வளைவதை ஒருவாறு தடுக்கிறது. எனினும் இவை முழுக் காப்பாகா. ஒரு பிள்ளையின் மூளை நாளத்தில் கோளாறு தென்பட்டால், இதே நோயுள்ள உடன்பிறந்தோர்க்கும் அது இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் அறியப்பட்டுள்ளது.

இந்த அபாயத்தை முன்கூட்டியே அறிய வழியுண்டு. டாப்ளர் என்னும் ஒலியலைச் சோதனை, ஊசியும் வலியுமின்றி மூளை நாளத்தின் குருதி வேகத்தை அளக்கிறது. வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டினால் அபாயம் பெரிது. அத்தகைய குழந்தைகளுக்கு முறையாக இரத்தம் ஏற்றினால், முதற் பக்கவாதம் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைகிறது என்பதை 1998-ல் வெளியான மற்றோர் ஆய்வு நிறுவியது. ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்தும் பலருக்குப் பயன் தருகிறது.

2023 ஜூலை முதல் நாளன்று நடுவண் அரசு தொடங்கிய இயக்கம், பழங்குடியினர் மிகுந்த பகுதிகளில் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது. சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்கள், உறவில் எவருக்கேனும் இந்நோய் இருப்பின், மணத்துக்கு முன்பே குருதியைச் சோதித்துக்கொள்வது நலம்.

இந்நோயுள்ள குழந்தைக்கு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை சோர்ந்தாலோ, கண்ணேறு என்று திருநீறு பூசிக் காத்திராதீர்கள். சில நிமிடங்களில் தானே தெளிந்துவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவனுடைய தம்பி தங்கையரும் இந்நோயுடன் பிறந்திருந்தால், அவர்களுக்கும் டாப்ளர் சோதனை செய்யுமாறு மருத்துவரைக் கேளுங்கள்.