திரிசூலத்தில் நிற்கும் மின்ரயில்

சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணி நகருக்குள் செல்ல இரண்டு ரயில்கள் உள்ளன. ஒன்று, 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் விமான நிலையத்தை எட்டிய மெட்ரோ. மற்றொன்று, ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் தென்மாவட்ட நெடுஞ்சாலையின் மறுபுறம், திரிசூலம் நிலையத்தில் நின்று செல்லும் புறநகர் மின்ரயில். சென்ட்ரல் வரை மெட்ரோவில் 40 ரூபாய் ஆகிறது; சென்ட்ரலுக்கு எதிரே சாலையைக் கடக்கும் தொலைவில் உள்ள பூங்கா நிலையத்துக்கு மின்ரயிலின் சாதாரண வகுப்பில் 10 ரூபாய்க்கு மேல் ஆவதில்லை. எழும்பூருக்கு 5 ரூபாய் போதும்.

இந்த மலிவான ரயில் விமானப் பயணிகளுக்கென்று திட்டமிடப்பட்டதன்று. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையிலான தடத்தில், தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் கேஜ் பாதையில், தென்னிந்திய ரயில்வே 1931ஆம் ஆண்டிலேயே மின்தொடர்களை ஓடவிட்டது. டாட்டா நிறுவனத்தின் விமானத் தபால் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னையை வந்தடைந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். விமான முனையம் முதலில் மீனம்பாக்கத்தில் இயங்கி, 1980களில் திரிசூலம் பக்கம் நகர்ந்தது. ஆயினும் பழைய பெயரே மக்கள் வாயில் நிலைத்துவிட்டதால், வெளியூரிலிருந்து விமானம் ஏறவரும் ஒருவர் மீனம்பாக்கம் ரயில் நிலையத்திலேயே இறங்கிவிட வாய்ப்புண்டு என்பதை நினைவில் கொள்வது நல்லது. இறங்க வேண்டியது அதற்குத் தெற்கே அடுத்துள்ள திரிசூலம்.

திரிசூலத்தில் ஏறியவர் மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை என ஒவ்வொரு நிலையமாக நின்று சென்று, கடைவீதியான ரங்கநாதன் தெருவை ஒட்டிய மாம்பலத்திலோ எழும்பூரிலோ இறங்கலாம். எழும்பூருக்கு முக்கால் மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை இதே வண்டி அலுவலகம் செல்வோரால் நிரம்பி வழியும் என்பதால், இரண்டு பெரிய பெட்டிகளும் கைக்குழந்தையுமாக வருபவர் அந்நேரத்தில் மெட்ரோவைத் தேர்வதே அறிவுடைமை. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்பது ஏறத்தாழ அரை நிமிடமே. நெரிசலில்லாத நேரத்தில், கையில் ஒரு பையோடு வருபவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.

விமானத்தில் செல்பவருக்குச் சில ரூபாய் வேறுபாடு பொருட்டா என்ற கேள்வி எழலாம். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் கூலி வேலை செய்துவிட்டுத் திரும்புவோரும், மருத்துவத்துக்காகக் கடன் வாங்கிப் பறந்து வருவோரும் அதே வாயில் வழியாகத்தான் வெளியேறுகிறார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த வேறுபாடு நூறு ரூபாயைத் தாண்டிவிடும். மேலும், முனையங்களைத் துப்புரவு செய்வோரும் சுமை ஏற்றுவோரும் பல்லாவரம், குரோம்பேட்டை போன்ற இடங்களிலிருந்து மாதச் சீட்டில், அதாவது ஒருமுறை பணம் கட்டி மாதம் முழுவதும் செல்லும் சலுகைச் சீட்டில், வந்துபோவதற்கு இந்த ரயிலே துணை. ஆகவே முனைய வாசலிலிருந்து நடைமேடை வரையிலான அந்தச் சிறு தொலைவு, இரைச்சல் மிகுந்த நெடுஞ்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை உட்பட, முதியவரும் பெட்டியை உருட்டிச் செல்லத்தக்கதாக, நல்ல வெளிச்சத்தோடும் மின்தூக்கியோடும் பேணப்பட வேண்டும். ஓடுபாதைக்குச் செலவிடும் அரசு இதற்குக் கணக்குப் பார்ப்பது முறையாகாது.

இரவு விமானங்களின் நிலை வேறு. வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே தரையிறங்குகின்றன; அப்போது மெட்ரோவும் இல்லை, மின்ரயிலும் இல்லை. எனினும் மின்ரயில் பொழுது புலர்வதற்கு முன்பே தொடங்கிவிடுவதால், சற்று நேரம் முனையத்தில் காத்திருக்கக் கூடியவர் வாடகைக் காரைத் தவிர்க்கலாம்.

வந்திறங்கும் எல்லோரும் சென்னைக்குள் செல்பவர்களும் அல்லர். திருச்சிக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டியவர் எழும்பூர் வரை வடக்கே சென்று, வந்த வழியே திரும்புவது வீண் அலைச்சல். திரிசூலத்தின் எதிர் நடைமேடையில் ஏறினால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் கடந்து தாம்பரம் வந்துவிடும். தெற்கே செல்லும் விரைவு ரயில்களில் பெரும்பாலானவை அங்கு நின்றே செல்கின்றன.